கண்ணடித்த பஸ்

ஆயுதபூஜைக்கு மறுநாள் முதலாளி அம்பலவாணரின் பஸ் விளக்குகள் கண்ணடிக்கத் தொடங்கின. எதிரே வந்த எருமைகூட வெட்கப்பட்டு ஒதுங்கியதாம்!

“வயரிங் பார்த்தவன் நீதானே? புதுச் சாமான் வாங்காம, ஒரு வயரையும் அறுக்காம இப்பவே சரிபண்ணு. இல்லேன்னா நடையைக் கட்டு” என்றார், எலக்ட்ரீஷியன் தனுஷ்கோடியிடம்.

பூஜைக்காகக் கழற்றிக் கழுவிய பாட்டரியை நினைத்துப் பார்த்தான் தனுஷ்கோடி.

“ஒரு ஈரத்துணி போதும், முதலாளி.”

டிரைவர்கள் சிரித்தார்கள். அவன் பாட்டரி முனையிலிருந்த கிளாம்பைக் கழற்றினான். உள்ளே காய்ந்த சந்தனம் அப்பியிருந்தது. துடைத்து இறுக்கினான். விளக்குகள் நின்று எரிந்தன.

“எந்த மடையன்டா இங்கே பூசினது?” என்று கத்தினார் முதலாளி.

டிரைவர்கள் தரையைப் பார்த்தார்கள். பூஜையில் சந்தனக் கிண்ணத்தை முதலாளி யாரிடமும் கொடுக்கவில்லை.

“மடையன் இல்லீங்க, பக்தி அதிகமானவர். சந்தனத்துக்குள்ளே சாமி வருவார். கரண்டு வராது” என்றான் தனுஷ்கோடி.

அம்பலவாணர் ஈரத்துணியை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸின் பாட்டரியைத் தேடிப் போனார்.