வேலிக்குப் பின்னால் எறிந்த பந்துகள்

"நாலு மேட்ச் முடிஞ்சுது. என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடல" என்றாள் கிளாடிஸ்.

சௌந்தரி மைதானத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நாகர்கோவில் பெண்கள் பேஸ்பால் அணிக்கு அவள்தான் கோச். கிளாடிஸைவிட இரண்டு வயது இளையவள்.

"கூப்பிடலதான், அக்கா" என்றாள்.

கிளாடிஸ் அந்த அணியின் மாற்றுப் பிட்சர். முதலில் எறிபவள் களைத்துப்போனால், ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் இறங்கிப் பந்து எறிய வேண்டியவள். இறங்கினால் அன்றைக்கு வெற்றி நிச்சயம் என்று பேர் வாங்கியிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் எறிந்த கை எறிந்தபடியே நின்றது. முழங்கையில் ஜவ்வு அறுந்துவிட்டது. தொடையிலிருந்து தசைநாண் எடுத்து வைத்துத் தைத்தார்கள். அதன்பிறகு ஐந்து மாதம் அவளால் தலைகூட வாரிக்கொள்ள முடியவில்லை.

இப்போது திருச்சியில் மாநிலப் போட்டி. ஒவ்வொரு ஆட்டத்திலும் வேலிக்குப் பின்னால் நின்று எறிந்து எறிந்து கையைச் சூடாக்கிக்கொள்வாள். கூப்பிட மாட்டார்கள். ஆட்டம் முடிந்துவிடும்.

"நேத்து எத்தனை பந்து போட்டீங்க?" என்று சௌந்தரி கேட்டாள்.

"அம்பத்திரண்டு."

"எப்படி இருந்துது?"

"யாருக்குத் தெரியும்? வேலிக்குப் பின்னால எறிஞ்சதை யார் பார்த்தா?"

சௌந்தரி குழாயை மூடினாள்.

"யாரும் பார்க்கலையா?"

கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கிளாடிஸ் போய்விட்டாள்.

மறுநாள் காலைப் பயிற்சியில் சௌந்தரி அவள் காலடியில் ஒரு பையை வைத்தாள். உள்ளே முகக்கூடு, நெஞ்சுக் கவசம், கால் கவசம், தடித்த கையுறை. பந்தைப் பிடிக்கும் கேட்சருடைய சாமான்கள்.

"இன்னைக்கு நீங்க பிடிங்க."

"நான் பிட்சர்."

"ஆமா."

"அப்போ எதுக்கு?"

சௌந்தரி இன்னொரு பிட்சரான பெனிட்டாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

கிளாடிஸ் குந்தி உட்கார்ந்தாள்.

பெனிட்டாவுக்கு வேகம் உண்டு, குறி கிடையாது. மூன்றாவது பந்து மண்ணில் குத்தித் தொண்டையில் அடித்தது. ஏழாவது கட்டைவிரலை மடக்கியது. பத்துக்குப் பிறகு தொடை நடுங்க ஆரம்பித்தது. எந்தப் பக்கம் பாய்ந்து பிடித்தாலும் அடி உள்ளங்கையில் ஒரே இடத்தில்தான் விழுந்தது. முப்பதில் அந்த இடம் மரத்துப்போனது. நாற்பதில் மறுபடி உயிர் வந்து துடித்தது.

அவள் முக்கி எழுந்தாள். முட்டி நிமிரவில்லை.

"அடுத்தவளும் போடணும். உட்காருங்க அக்கா" என்றாள் சௌந்தரி.

உட்கார்ந்தாள்.

எல்லாம் முடிந்தபோது வெயில் ஏறியிருந்தது. கிளாடிஸ் முகக்கூட்டைக் கழற்றினாள். கண்ணில் வியர்வை இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"எண்பத்தொண்ணு."

"தினமும் இது யாரு..."

கேட்க வந்தவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

வேப்பமரத்தடியில் மீனாம்பிகை உட்கார்ந்திருந்தாள். அணியிலேயே மூத்தவள், முப்பத்தாறு வயது. பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. ஒன்பது வருஷமாக மாற்றுக் கேட்சர். ஒரு முழு ஆட்டம் ஆடியதில்லை. வேலிக்குப் பின்னால் எறிகிறவர்களுக்குப் பிடிப்பதுதான் அவள் வேலை. இன்று திடீரென்று ஓய்வு கொடுத்துவிட்டதால், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் டீ டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள்.

கிளாடிஸ் நொண்டிக்கொண்டே போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"மீனாக்கா, கையைக் காட்டுங்க."

"எதுக்குடீ?"

"காட்டுங்க."

இடது ஆள்காட்டி விரலின் அடி கன்றிப் பருத்திருந்தது. விரல் முழுதாக மடங்கவில்லை.

"எப்போதிலேருந்து?"

"போன ஆடியில இருந்து."

போன ஆடியில்தான் டாக்டர் கிளாடிஸைப் பந்து தொட விட்டார். முதலில் ஐந்தடி தூரம். பிறகு பத்தடி. மீனாம்பிகை வேலை முடிந்து நேரே பஸ் ஏறி வந்து, தினமும் எதிரில் உட்கார்ந்தாள். பந்து எங்கே போகும் என்று எறிகிறவளுக்கே தெரியாத நாட்கள் அவை.

"ஏன் சொல்லல?"

"நீ அப்ப அழுதுக்கிட்டே எறிவே. அதுக்கு நடுவுல என் விரலைப் பத்தி என்னத்தைச் சொல்ல?"

கிளாடிஸ் அந்த விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"என் பந்து இப்போ எப்படி வருது, மீனாக்கா?"

மீனாம்பிகை யோசிக்கவே இல்லை.

"வேகம் பழைய வேகம் இல்ல. இனி வருமான்னும் தெரியல. ஆனா கடைசியில தாழுது பாரு, அது முன்ன கிடையாது. புதுசா வந்திருக்கு. கூப்பிடுவாங்களான்னு நீ கோச் பக்கம் திரும்பிப் பார்த்துட்டு எறிஞ்சா மட்டும் தாழாது."

"இத்தனை நாள் சொல்லலையே?"

"நீ கேட்டாத்தானே?"

கிளாடிஸ் சிரித்தாள். ரொம்ப நாள் ஆகியிருந்தது அவள் சிரித்து.

அடுத்த ஆட்டம் அரையிறுதி. கடைசி இன்னிங்ஸ். நாகர்கோவில் ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தது. எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தி அவுட்டானால் வெற்றி. ஆனால் மூன்றாவது பேஸில் ஒருத்தி ஓடத் தயாராக நின்றாள். பெனிட்டாவின் கை தளர்ந்துவிட்டது.

சௌந்தரி வேலிப் பக்கம் வந்தாள்.

"அக்கா, இறங்குங்க."

கிளாடிஸ் நகரவில்லை.

"மீனாக்காவும் வரணும்."

"அவங்களை இறக்கினா இப்ப பிடிக்கிற ஜெனிலாவை வெளியே எடுக்கணும். திரும்ப உள்ளே விட முடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

"இன்னைக்கு மாநில அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுக் குழு உட்கார்ந்திருக்கு."

"தெரியும், கோச்."

சௌந்தரி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு நடுவரிடம் போய் இரண்டு மாற்றங்கள் சொன்னாள்.

முதல் பந்து அளவுக்கு மேல் தாழ்ந்து மண்ணில் குத்தியது. விட்டால் ஆட்டம் சமன். மீனாம்பிகை முட்டி போட்டு விழுந்து நெஞ்சால் நிறுத்தினாள். மூன்றாவது பேஸில் இருந்தவள் இரண்டடி ஓடி, திரும்பிவிட்டாள்.

இரண்டாவது பந்து நேராகக் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. மட்டை அசையவில்லை.

மூன்றாவதை மட்டை பிடித்தவள் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டாள்.

நான்காவது வந்தது, வந்தது, கடைசியில் தாழ்ந்தது. மட்டை காற்றை வெட்டியது. அவள் அவுட், நாகர்கோவிலுக்கு வெற்றி.

கூட்டம் கலைய நேரமாயிற்று. தேர்வுக் குழுவில் இருந்தவர் நோட்டோடு வந்தார்.

"நல்லா போட்டேம்மா. ஆனா ஆபரேஷன் பண்ண கை. ஒரு சீசன் முழுக்கத் தாங்குமா?"

"எனக்குத் தெரியாது சார். அவங்களைத்தான் கேட்கணும்."

கிளாடிஸ் காட்டிய இடத்தில் மீனாம்பிகை தரையில் உட்கார்ந்து கால் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் பேனாவைத் திறந்தார்.

"யாரும்மா அது? பேரு?"

கிளாடிஸ் நிமிர்ந்து நின்று, இனிஷியலோடு சொன்னாள்.