பேச்சித்தாய் வாங்கிய பூட்டு

சிஷ்யைக்கு அறுபத்து மூன்று வயது. குருவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. கன்னியர் மடங்களில் இதெல்லாம் நடக்கும். முடி நரைத்தவுடன் ஞானம் வந்துவிடும் என்றால் ஊரில் பாதிப் பேர் ஞானிகள்.

சிஷ்யையின் பெயர் அகஸ்டினா. பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "இனிமேலாவது ஏழைகளோடு இருக்கிறேன், கற்றுக்கொடுங்கள்" என்று அந்தத் துறைமுக ஊருக்கு, மதர் செராபினிடம் வந்து சேர்ந்தார்.

மதர் அங்கே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மடத்தின் பழைய ஹாஸ்டல் காலியாகக் கிடந்தது. அதன் அறைகளைத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடுப்படி கட்டி, தெருவில் படுக்கிற குடும்பங்களைக் குடிவைத்தார். அவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் வேலை கேட்டுக் கம்பெனி வாசலுக்கும் அலைந்தார்.

அகஸ்டினா வந்ததும் முதல் காரியமாக எல்லா அறைகளுக்கும் மாற்றுச் சாவி செய்தார். வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார். அவர் வருவதற்கு முன்னால் அவர் சத்தம் வந்தது.

"எதற்கு, சிஸ்டர்?" என்று கேட்டார் மதர்.

"அவசரத்துக்கு, மதர்."

"யாருடைய அவசரத்துக்கு?"

அகஸ்டினா சிரித்தார். மதர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசி அறையில் பேச்சித்தாயும் அவள் புருஷன் சுடலைமணியும் இருந்தார்கள். அவள் இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறவள். அவன் உப்புக் கிட்டங்கியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். மகள் மாரிக்கனி அவர்களோடு இல்லை. சிக்னலில் பூ விற்றுக்கொண்டிருந்தவளைப் போன வருஷம் அதிகாரிகள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய்க் குழந்தைகள் இல்லத்தில் விட்டுவிட்டார்கள். "நடுத்தெருவில் வைத்தா பிள்ளை வளர்ப்பாய்? வீடு என்று ஒன்று பார். அதில் நிலையாக இரு. வந்து பார்ப்போம், திருப்தியாக இருந்தால் பிள்ளையை விடுவோம்." இதுதான் பேச்சு.

வீடு வந்துவிட்டது. நிலையாக இருப்பதுதான் வரவில்லை.

பாய், சட்டி, துணி எல்லாம் ஒரே மூட்டை. பழைய சேலையில் இறுக்கிக் கட்டி, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி அது கதவோரம் உட்கார்ந்திருந்தது. சமைக்கும்போது பேச்சித்தாய் சட்டியை உருவுவாள். சாப்பிட்டதும் கழுவித் துடைத்து மறுபடி கட்டிவிடுவாள். அலமாரியில் தூசிதான் குடியிருந்தது.

"அலமாரி எதுக்கு இருக்கு, பேச்சித்தாய்?"

"இருந்துட்டுப் போகுது, சிஸ்டர்."

"அதிகாரி வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? நாளைக்கே கிளம்பப் போகிறவர்கள் என்றுதானே? உனக்குப் பிள்ளை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சிஸ்டர்."

"அப்போ அவிழ்."

"அவுக்கேன் சிஸ்டர்."

அவிழ்க்கவில்லை.

அகஸ்டினா மதரிடம் போனார். மதர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வீடு கொடுத்தாயிற்று, மதர். இவர்கள் ஏன் இன்னும் தெருவில் இருக்கிற மாதிரியே இருக்கிறார்கள்?"

மதர் ஒரு பூச்சி அரித்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"கொடுத்துவிட்டோமா?" என்றார்.

அகஸ்டினாவுக்குச் சுருக்கென்றது. கேள்விக்குக் கேள்வி போடுகிற பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய காலம் அவருக்கு உண்டு. குருவை ஏற்ற முடியாது. எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வளையத்திலிருந்து ஒரு சாவியை எடுத்தார். முப்பது வருஷம் ஹாஸ்டல் பெண்களின் டிரங்குப் பெட்டிகளைத் திறந்து பழகிய கை அது. மூட்டையை அவிழ்த்தார். சட்டிகளைப் பெரிதும் சிறிதுமாக அலமாரியில் அடுக்கினார். துணிகளைத் துவைத்துக் காயவைத்து மடித்தார். மூட்டையின் அடியில் ஒரு குட்டிக் கவுன் இருந்தது. அதை மட்டும் இஸ்திரி போட்டு மேல்தட்டில் வைத்தார். சுவரில் ஒரு காலண்டர் மாட்டினார். வாசலில் நின்று ஒரு தடவை பார்த்தார். பரிசு கொடுக்கலாம், அவ்வளவு அழகு. பூட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலையில் கதவு திறந்து கிடந்தது. சட்டி இல்லை, பாய் இல்லை, கவுன் இல்லை. ஆள் இல்லை. காலண்டர் மட்டும் இருந்தது.

மதரும் அகஸ்டினாவும் ஊரெல்லாம் தேடினார்கள். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், மேம்பாலத்துக்கு அடியில் இருந்தார்கள். மூட்டை கட்டியபடி பக்கத்தில் இருந்தது. சுடலைமணி அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க சிஸ்டர்," என்றான். "சேர்தான் இல்ல. நீங்க வந்து அடுக்குனா அதுவும் வந்துரும்."

"ஏல, சும்மா கிட," என்றாள் பேச்சித்தாய்.

அகஸ்டினாவுக்கு மூச்சு வாங்கியது. "என்ன குறை வைத்தேன்? ஒரு சாமான் குறைந்ததா? ஒன்று உடைந்ததா?"

"ஒண்ணும் குறையல. நீங்க நல்லவியதான், யாரு இல்லன்னா? அவியள்லயும் நல்லவிய உண்டு."

"எவர்கள்?"

"லாரிக்காரவிய."

அகஸ்டினாவுக்குப் புரியவில்லை. சுடலைமணிதான் சொன்னான்.

"நாங்க வேலைக்குப் போயிருக்கையில வந்து நோட்டம் பாப்பாவ, சிஸ்டர். ஆளு இருக்கமாட்டோம்லா? மூட்டைய அவுத்துப் போட்டுட்டுப் போயிருவாவ. மறுநாளு கார்ப்பரேசன் லாரி வந்து சாமானையும் ஆளையும் அள்ளும். மூட்டை அவுந்து கெடந்தா அன்னைக்கே எடத்த மாத்திரணும். ரோட்டுல கெடக்க பச்சப்புள்ளைக்குத் தெரியும் இது."

"ஆனால் நான்..." என்று ஆரம்பித்தார் அகஸ்டினா. "நான் லாரியா?"

மேலே பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"கனியத் தூக்குனதுக்கு மொத நாளும் அவுந்துதான் கெடந்துச்சு," என்றாள் பேச்சித்தாய், அட்டையைப் பார்த்துக்கொண்டு. "எனக்குக் காய்ச்ச. இன்னொரு ராத்திரி கெடப்போம்னு கெடந்துட்டேன்."

மதர் அகஸ்டினாவின் பக்கம் கையை நீட்டினார். அகஸ்டினா வளையத்திலிருந்து அந்த அறையின் சாவியைக் கழற்றப் போராடினார். நகம் உடைந்தது. மதர் அதை வாங்கிப் பேச்சித்தாயிடம் கொடுத்தார்.

அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதே மாதிரி இன்னொண்ணு செய்ய எம்புட்டு நேரமாவும், மதர்?"

"அதிக நேரம் ஆகாது," என்றார் மதர். "நீயே கடைக்குப் போ. நீயே ஒரு பூட்டு வாங்கு. எங்கள் பூட்டை எடுத்துவிட்டு அதைப் போடு."

"உங்களுக்கு ஒரு சாவி?"

"வேண்டாம். தட்டுகிறேன்."

வந்தார்கள். ஆசையாக வந்தார்கள் என்று சொல்ல முடியாது. வீடில்லாமல் பிள்ளை இல்லை, அதற்காக வந்தார்கள்.

பேச்சித்தாய் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வந்தாள். கடைக்காரர் சலித்துப்போகிற மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்து வாங்கியதாகச் சுடலைமணி சொன்னான். சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். மூட்டை மட்டும் கதவோரம் பழையபடி உட்கார்ந்துகொண்டது. அவிழவில்லை.

அகஸ்டினா தட்டக் கற்றுக்கொண்டார். "பிஷப் இல்லத்தில்கூட நான் இவ்வளவு நேரம் வெளியே நின்றதில்லை," என்று முணுமுணுத்தார். ஆனால் நின்றார்.

அதிகாரி சொல்லாமல் வந்தார். ஜீப் நேராகக் கடைசி அறை முன்னால் போய் நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"மாரிக்கனியோட வீடு இதானே? திறங்க, பாத்துட்டுப் போயிடுறேன்."

"சாவி அவர்களிடம்தான்," என்றார் மதர்.

அகஸ்டினா ஆட்டோ பிடித்து இறால் கம்பெனிக்கு ஓடினார். ஷிப்ட் முடியாமல் கேட்டைத் திறக்க மாட்டோம் என்றார்கள். உள்ளே போய்ச் சொல்லவும் மாட்டோம் என்றார்கள். கிட்டங்கியில் சுடலைமணி இல்லை. லோடோடு வெளியூர் போயிருந்தான். திரும்பி ஓடிவந்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் நாலு இடம் பாக்கணும், சிஸ்டர். எனக்கு என்ன, உள்ள ஒரு குடும்பம் இருக்கிற அடையாளம் தெரிஞ்சா போதும். டிரைவர்கிட்டக் கம்பி இருக்கு. உங்க கட்டடம்தானே?"

"கட்டடம் எங்களுடையதுதான்."

"அப்புறம் என்ன?"

மதர் கதவுக்கு முன்னால் போய் நின்றார். "வேண்டாம்," என்றார்.

அகஸ்டினா மதரின் காதருகே குனிந்தார். "புதுப் பூட்டு நான் வாங்கிக் கொடுக்கிறேன். பிள்ளை, மதர்."

"தெரியும்."

"ஒரு நிமிஷ வேலை."

"தெரியும், சிஸ்டர்."

அதிகாரி இரண்டு பேரையும் பார்த்தார். பைத்தியங்களோடு நேரம் போக்க அவருக்குச் சம்பளம் இல்லை. ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிக்கொண்டார்.

"மறுபடி எப்போது வருவீர்கள்?" என்று அகஸ்டினா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வர்றப்ப வருவோம்."

ஜீப் போன பிறகு அகஸ்டினா கத்தினார். அறுபத்து மூன்று வயதில், மடத்து முற்றத்தில், குருவைப் பார்த்துக் கத்தினார்.

"இதுவா நீங்கள் கற்றுக்கொடுப்பது? ஒரு பித்தளைப் பூட்டுக்கு ஒரு பிள்ளையா? நாம் பெறவில்லை, அதனால் வலிக்கவில்லை! பெற்றவளிடம் நீங்களே சொல்லுங்கள். நான் வாய் திறக்க மாட்டேன்."

"நானே சொல்கிறேன்," என்றார் மதர். மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. தண்ணீர்த் தம்ளரை எடுத்தார். குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

சாயங்காலம் பேச்சித்தாய் வந்தாள். ஐஸில் ஊறி விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. மதர் கேட்டிலேயே நின்று சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பேச்சித்தாய் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உடைச்சிருக்கலாமே, மதர். பூட்டுதான, மதர்? எம்புள்ள மதர்!" மண்ணை அள்ளி வீசினாள். அது மதரின் அங்கியில் விழுந்தது. "நீங்கள்லாம் வெளங்குவியளா?"

மதர் மண்ணைத் தட்டவில்லை.

வெகுநேரம் அழுதாள். பிறகு சேலையில் மூக்கைத் துடைத்தாள்.

"ஜீப்புலயா வந்தாவ?"

"ஜீப்பில்தான்."

"உடைக்கணும்னாவளா?"

"ஆமாம்."

"கம்பி கையில வச்சிருந்தாவளா?"

"டிரைவர் வைத்திருந்தார்."

"வந்தும் உடைக்காமப் போயிட்டாவ," என்றாள்.

"போய்விட்டார்கள்."

எழுந்தாள். முந்தானையை உதறினாள். கதவுக்குப் போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். கடையில் இழுத்த மாதிரி ஒரு தடவை இழுத்தாள். அது அசையவில்லை. பிறகு திறந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

மதரும் அகஸ்டினாவும் வெளியே நின்றார்கள்.

முதலில் அழுகைதான் கேட்டது. பிறகு துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். எத்தனையோ நாளாக இறுகிப்போன முடிச்சு பல்லால் இழுபடுகிற சத்தம். பிறகு அலமாரிப் பலகையில் ஒரு சட்டி உட்கார்ந்தது. அந்தச் சத்தம் அகஸ்டினாவுக்குத் தெரியும். அவர் கை தானாகக் கதவைத் தட்டப் போய், நின்று, திரும்பி வந்தது.

உள்ளே அழுகை நிற்கவில்லை. சட்டிகளும் நிற்கவில்லை.

அகஸ்டினா மெதுவாகச் சொன்னார். "ஆனாலும், மதர், காலையில் பூட்டை உடைத்துக் காட்டியிருந்தால் பிள்ளை வந்திருக்குமே."

"வந்திருக்கும்," என்றார் மதர்.

உள்ளே இன்னொரு சட்டி உட்கார்ந்தது.

"எந்த வீட்டுக்கு, சிஸ்டர்?"