ஒரே ஒரு முறை கேட்டது

குன்றின் மேல் இருந்த அந்தக் குருகுலத்தில் சேர ஒரு தேர்வு உண்டு. ஒரு பாடத்தை ஒரே ஒரு முறை வாசிப்பார்கள். கேட்ட பிள்ளை அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். குருகுலத்தை நிறுவியவர் மழையைப் பற்றி எழுதிய பாடம் அது. அவர் மேல் இருந்த மரியாதையால் அதை யாரும் மாற்றியதில்லை.

அந்த வருடம் வாசித்தவள் செங்கமலம், ஆசானின் மூத்த சீடர்களில் ஒருத்தி. அவளுடைய அம்மா உப்பளத்துக்காரி, குருகுலத்தில் சமைத்தவள். அம்மா போன பிறகு அந்த ஊர்ப் பேச்சைப் பேச அங்கே ஆளில்லை.

உப்பளத்திலிருந்து ஒரு சிறுமி தாயோடு வந்திருந்தாள். பெயர் பேச்சிக்கனி. கணுக்கால் வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"உப்பு விக்க வந்தியா?" என்றான் தேர்வுக்கு வந்திருந்த நகரத்துப் பையன்களில் ஒருவன்.

"ஆமா. நீ உப்புப் போட்டுத் திங்கிறவன் மாதிரி தெரியலையே."

செங்கமலம் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் பேசமாட்டாளா என்றிருந்தது.

வாசிக்கத் தொடங்கினாள். பையன்களின் உதடுகள் அவள் குரலுக்கு முன்னால் ஓடின. பேச்சிக்கனியின் உதடுகள் மூடியிருந்தன. கண்கள் செங்கமலத்தின் வாயை விட்டு அகலவில்லை.

பையன்கள் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். பேச்சிக்கனி பாதிக்கு மேல் சொன்னாள். பிறகு நின்றாள்.

"இன்னும் இருக்கு. எனக்கு வரமாட்டேங்கு."

"இன்னொரு தடவ வாசிச்சுக் காட்டுங்களேன், தாயி" என்றாள் அவள் அம்மா.

"ஒரு தடவைதான் அம்மா. அதுதான் வழக்கம்."

"சரி தாயி. நாங்க எறங்குதோம்."

படிகளில் இறங்கும்போது சிறுமி ஒவ்வொரு வகுப்பாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஆசான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தப் பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா?"

"எதற்கு?"

"பாவம், ஐயா. இல்லாத வீடு."

"பாவம் பார்த்துச் சேர்த்தால், இங்கே இருக்கிற நாளெல்லாம் அவள் பாவமாகவே இருக்க வேண்டும். வேண்டாம்."

செங்கமலம் நகரவில்லை.

"நீ எப்படித் தேறினாய்?" என்று கேட்டார்.

"முழுதும் சொன்னேன், ஐயா. ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை." அதைச் சொல்லும்போது அவள் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"அன்றுதான் முதல் முறை கேட்டாயா?"

அவள் பார்வை அடுப்படிப் பக்கம் போனது.

"இல்லை, ஐயா. காலையில் இங்கே அந்தப் பாடத்தைச் சொல்வது அடுப்படிக்குக் கேட்கும். மாவாட்டும்போது அம்மாகூட முணுமுணுப்பாள்."

"இன்று வந்த பையன்கள்?"

"அவர்களுடைய அண்ணன்மார் இங்கே படித்தவர்கள்." குரல் தாழ்ந்தது. "வீட்டில் கேட்டிருப்பார்கள்."

கீழே, உப்பளத்துப் பாதையில் இரண்டு உருவங்கள் சின்னதாகத் தெரிந்தன. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓடு. கூட்டி வா" என்றார்.

நாலு எட்டு ஓடியவள் திரும்பினாள்.

"தோற்றுப்போன பிள்ளையை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டால் என்ன சொல்லட்டும், ஐயா?"

"இன்று தேர்வு நடந்ததே உங்கள் பெண் ஒருத்திக்குத்தான் என்று சொல்."