சரிபாதிப் பீரங்கி

கரடிக்கோட்டைப் படை வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று தெரிந்ததும், கொத்தூர் அரசரும் நெல்லிமேட்டு அரசியாரும் கூட்டாகப் பீரங்கி வார்ப்பதென்று ஓலை எழுதிக்கொண்டனர். நிபந்தனை ஒன்றே: எல்லாம் சரிபாதி.

பொறுப்பு கொத்தூர்த் தளவாய் மாடக்கண்ணுவின் தலையில் விழுந்தது. "பீரங்கி வேலை செய்யாவிட்டால் உமது மீசை இருக்காது" என்றார் அரசர். இருபது ஆண்டுகள் வெண்ணெய் தடவி வளர்த்த மீசை.

முன்பாதியைக் கொத்தூரும் பின்பாதியை நெல்லிமேடும் வார்த்தன. இரகசிய ஆயுதமாதலால் ஒருவர் பாதியை மற்றவர் பார்க்கவே கூடாதென்று காவல் போட்டிருந்தார்கள். அகலம் மட்டும் பேசி வைத்தார்கள்: அவரவர் ஆட்சியாளர் கையால் ஒரு சாண். கொத்தூர் அரசர் யானைக்குட்டி போலிருப்பார். நெல்லிமேட்டு அரசியாரோ வெற்றிலைக் காம்பு.

வியாழனன்று எல்லையில் இரண்டையும் அருகருகே வைத்தபோது, ஒன்று அண்டாவாகவும் மற்றது செம்பாகவும் இருந்தன.

"ஓய் வன்னியப்பரே, இதென்ன சுண்டைக்காய்?" என்றார் மாடக்கண்ணு.

நெல்லிமேட்டுச் சேனாபதி வன்னியப்பர் வாளில் கை வைத்தார். "எங்கள் அரசியாரின் சாணையா பழிக்கிறீர்?"

"ஐயோ, இல்லை. அவருக்குக் கை வளரும்வரை பொறுக்கலாமா என்றுதான்..."

"அறுபது முடிந்துவிட்டதே, ஐயா!"

"பாலும் பழமும் கொடுத்துப் பாருமே."

"நாளைக் காலைக்குள்ளா?"

இருவரும் ஆழ்ந்து யோசித்து, சின்னதைப் பெரியதற்குள் செருகினர். வெடிமருந்து இடிக்க வசதியாக இருக்கட்டுமென்று, சின்னதன் வாயைத் தங்கள் பக்கமே திருப்பி வைத்தனர். பீரங்கியின் நீளம் பாதியாயிற்று. "ஓலைப்படியே சரிபாதி!" என்று கட்டிக்கொண்டனர்.

வெள்ளியன்று திரியில் தீ வைத்தார் மாடக்கண்ணு. குண்டு பின்னால் பறந்து வன்னியப்பரின் தலைப்பாகையைக் கொண்டுபோயிற்று. செருகிய பாதியோ முன்னால் பறந்து எதிரியின் சமையற்கூடாரத்தில் விழுந்தது. இவ்வளவு பெரிய குண்டைக் கண்டறியாத கரடிக்கோட்டைப் படை, சாம்பாரையும் விட்டுவிட்டு ஓடியது.

தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போனார். அரசர் முகத்தில் சிரிப்பில்லை.

"பறந்தது நெல்லிமேட்டுப் பாதி. நம் பாதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. வேலை செய்தது பாதிதான். ஆகவே பாதி மீசை."

இடப்பக்கத்தை நாவிதர் மழித்தார்.

மறுநாளே மாடக்கண்ணு ஒரு கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கரடிக்கோட்டைக்குச் சென்றார்.

"மகாராஜா, பெரிய மனது பண்ணி அடுத்த வெள்ளி மறுபடி படையெடுத்து வர வேண்டும். எங்கள் பாதியைச் சுட்டுக் காட்டினால்தான் மழித்த பக்க மீசையை வளர்க்க விடுவார்கள்."

கரடிக்கோட்டை அரசர் தாடியைத் தடவினார். "பாதிப் பீரங்கிக்கு முழுப் படை எதற்கு? பாதிப் படை அனுப்புகிறேன்."

"நியாயந்தான்" என்று மாடக்கண்ணு எழுத்தாணியை எடுத்தார். "வீரர்களில் இடுப்புக்கு மேல் பாதியா, கீழ்ப் பாதியா என்று மட்டும் சொல்லிவிட்டால், இப்போதே ஓலையில் எழுதிக்கொள்வேன்."