எலும்பு கொடுத்த ஓடு

வெயில் படாத கூட்டில் பூட்டி வைத்தவன் நீ. முட்டையை எல்லாம் அள்ளிக்கொண்டவனும் நீ. இப்போது கால் முறிந்து கிடக்கும் கோழியைக் காட்டி, "நோஞ்சானை என் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாயே, நாக்கு கூசவில்லை? அவள் பரம்பரைக் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசு.

பறவையும் எலும்பும் வெயிலும்கூட வாய்விட்டுச் சண்டை போட்ட அந்தக் காலத்தில், கோழி முட்டைக்கு ஓடு கிடையாது. வெறும் தோல்தான். செவலை என்ற கோழி ஆசையாக அடைகாக்க உட்காருவாள். அவள் எடை தாங்காமல் முட்டை நசுங்கிவிடும். பெற்றதைத் தானே நசுக்கினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஒருநாள் தன் கால் எலும்பிடமே சண்டைக்குப் போனாள்.

"கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கியே, உன்கிட்ட இருக்குற சுண்ணாம்புல கொஞ்சம் என் பிள்ளைக்குத் தந்தா குறைஞ்சா போயிடுவே?"

"குறையாம? வாழைத்தண்டு மாதிரி ஆயிடுவேன்டி!" என்றது எலும்பு. "ஏற்கெனவே ரத்தம் வேற சுண்ணாம்பு கேட்டு வாசல்ல வந்து நிக்குது. அதுக்குச் சுண்ணாம்பு குறைஞ்சா உன் நெஞ்சே துடிக்காது. அதனால அதுக்கு இல்லைன்னு சொல்ல முடியல."

"பகல்ல நத்தை ஓடா கொத்தித் தின்னு உன்னை நிரப்பிடறேன். ராத்திரி நீ குடு."

"தின்னா போதுமா? குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வர வேண்டாமா? போய் வெயிலக்காவைக் கேளு."

வெயில் ஒரே பேச்சில் முடித்தது. "தினமும் என் முன்னால வந்து நில்லு, குடல் கதவைத் திறந்துவிடறேன். வராம இருந்துட்டு என்னைத் திட்டாதே."

பேரம் படிந்தது. அடுத்த முட்டை கெட்டி ஓட்டோடு விழுந்தது. செவலை பயந்து பயந்து அதன்மேல் உட்கார்ந்தாள். நசுங்கவில்லை. உள்ளேயிருந்து குஞ்சு தட்டிய சத்தத்தில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அப்போதுதான் உன்னைப் போலவே ஒருவன் வந்தான்.

"கீரிக்குப் பயந்து சாகணுமா, தாயி? என் வீட்டுக்கு வா, அரிசி போடறேன்" என்று தேனாகப் பேசினான். உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டான்.

"நத்தை ஓடு எங்கடி?" என்றது எலும்பு.

"அரிசிதான் போடறான்."

"வெயில்?"

செவலை இருட்டைப் பார்த்தாள். "எப்படிப் போவேன்? பூட்டிட்டானே."

எலும்பு பேரத்தை முறிக்கவில்லை. முட்டைக்கும் கொடுத்தது, ரத்தத்துக்கும் கொடுத்தது. தன்னையே கரைத்துக் கொடுத்தது. ஓடு கெட்டியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துச் சிரித்தானே தவிர, அவள் காலை அவன் பார்க்கவே இல்லை. ஒருநாள் விடியலில் தீனிக்கு எழுந்தவளின் கால் சுள்ளி போலப் படீரென்று முறிந்தது. இறக்கையைப் பிடித்துத் தூக்கிக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டான், பாவி!

அங்கே வெயில் இருந்தது. செவலை ஒரு பக்கமாகச் சாய்ந்து இறக்கையை விரித்தாள். பக்கத்துச் சுவரில் உரிந்த சுண்ணாம்பைக் கொத்தினாள். கால் கோணலாகத்தான் கூடியது. ஆனால் எழுந்து நின்றுவிட்டாள்.

அன்று முதல்தான் கோழி, கூடு திறந்த உடனே மண்ணைக் கிளறி ஓடு பொறுக்குகிறது, சுவரைக் கொத்துகிறது, வெயிலைக் கண்டால் இறக்கை விரித்துப் படுக்கிறது. அவள் தன் பேச்சைக் காப்பாற்றுகிறாள். எலும்பும் காப்பாற்றுகிறது. நடுவில் நிற்பது உன் தாழ்ப்பாள் மட்டும்தான். நியாயம் பேசியது போதும், போய் அதை எடு!