பாறை கரைய ஒப்புக்கொண்ட நாள்

மழையும் பாறையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலம் அது. அப்போது கூடாரமலை வழவழவென்று ஒரே பாறையாக நின்றது. பெய்த மழை ஒட்டாமல் வழிந்து தெளிந்த ஆறாக ஓடியது. மண் என்று ஒன்று இல்லை. ஆற்றோரத்தில் குறும்பாயியும் அவள் கணவன் சடையனும் மீன் பிடித்துப் பிழைத்தார்கள்.

தூரத்து எரிமலை ஒன்று ஓயாமல் கனத்த மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சு வானத்தை மூடிக்கொண்டதால் வெயிலின் சூடு வெளியேற வழியில்லை. ஆறு சுட்டது. மீன்கள் செத்து மிதந்தன. குறும்பாயியின் கைக்குழந்தைக்குப் பால் குடிக்கவும் தெம்பில்லை.

"மழையே, இந்தக் காற்றைக் கழுவித் தரமாட்டாயா?" என்று கெஞ்சினாள்.

"அந்த மூச்சை அள்ளிக்கொண்டுதான் இறங்குகிறேன், தாயி. இறக்கி வைக்க இடமில்லை. பாறை உள்ளே விடமாட்டேன் என்கிறது. மறுபடியும் காற்றுக்கே போய்விடுகிறது" என்றது மழை.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேறி, மழையை உள்ளே விடும்படி பாறையிடம் கேட்டாள்.

"அது புளிப்பு மூச்சு, பெண்ணே" என்றது பாறை. "உள்ளே விட்டால் அரித்துவிடும். கரைந்துபோனால் நான் என்று எதுதான் மிஞ்சும்?"

குறும்பாயி குழந்தையைப் பாறையின் நிழலில் கிடத்தினாள்.

"இவனைப் பெற்றபோது நானும் பிளந்துதான் போனேன். செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். இதோ நிற்கிறேனே!"

குழந்தை தெம்பில்லாமல் இருமியது. உச்சியில் படீரென்று ஒரு வெடிப்பு விழுந்தது.

"வா" என்றது பாறை, மழையிடம்.

மழை வெடிப்புக்குள் இறங்கியது. ஆறு முதல்முறையாகக் கலங்கியது. பாறையில் கரைந்ததையும் அந்த மூச்சையும் சேர்த்துக் கடலுக்குக் கொண்டுபோனது. அங்கே சிப்பிகள் அவற்றை வாங்கி ஓடு கட்டிக்கொண்டன. காற்று குளிர்ந்தது. குழந்தை பாலுக்கு அழுதது.

ஆனால் குளிர் நிற்கவில்லை. ஆற்றின் ஓரமெல்லாம் உறைந்தது.

"போதுமென்று சொல், குறும்பாயி!" என்றான் சடையன், பல் கிடுகிடுக்க.

அடிவாரத்தில் தனியாகக் கிடந்த ஒரு கரும்பாறை அதைக் கேட்டுச் சிரித்தது. "பழங்காலத்துப் பாசி மக்கிய கரி என் வயிற்றில் கிடக்கிறது. மழை என்னையும் அரிக்கட்டும். சூட்டைப் பிடித்துவைக்கும் அதே மூச்சை நானும் அளவாக விடுகிறேன்."

சொன்னபடியே மூச்சு விட்டது. குளிர் இதமாயிற்று. வெடிப்புகளில் மண் சேர்ந்தது, அதில் தினை முளைத்தது. அந்த ஆண்டு மூவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

மழைக்காலத்தில் மலையாறு கலங்கி ஓடுவதும், ஒரு பாறை வாங்கும் மூச்சை இன்னொரு பாறை விடுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான், இன்னும் ஓயவில்லை.