கேமராவை மறைத்த கை

டாக்டர் நாச்சியாரிடம் தீவிர சிகிச்சைப் பிரிவு வேலையைக் கற்றுக்கொள்ள வந்திருந்தாள் நர்ஸ் செல்வராணி. பல வருடம் பிரசவ வார்டில் இருந்தவள். டாக்டரைவிட வயதில் மூத்தவள். எதற்கெடுத்தாலும் பயம்.

அங்கே வேலாயுதம் என்ற லாரி டிரைவர் படுத்திருந்தார். நிமோனியா காய்ச்சல் இறங்கியும் புத்தி தெளியவில்லை. பெற்ற மகளையே யார் என்று கேட்டார். நெஞ்சில் ஒட்டிய வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்ததால், இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள்.

அன்று கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா வந்தது. உடம்பைத் தொடாமலே, முகத்தின் நிறம் கண்ணுக்குத் தெரியாமல் மாறுவதை வைத்து நாடித்துடிப்பைப் பக்கத்துத் திரையில் சொல்லும். நெஞ்சு ஏறி இறங்குவதை வைத்து மூச்சைச் சொல்லும். வயர்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள்.

மகள் பூங்கோதை கேட்டாள். "வயர்தான் இல்லையே சிஸ்டர். அப்பா கையை அவுத்துவிடக் கூடாதா? கட்டக் கட்டத்தான் அவருக்கு வெறி ஏறுது."

"அவுத்தா முகத்தை மறைச்சுக்குவாரும்மா. கேமராவுக்கு எப்படித் தெரியும்?"

இதைக் கேட்டுக்கொண்டே வந்தார் டாக்டர். "முன்னாடி வயருக்காகக் கட்டினோம். இப்போ கேமராவுக்காகவா?"

"ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பீங்க மேடம்?"

"கேப்பேன். அதனால பக்கத்துலயே நில்லுங்க. பிரசவ வார்டுல பிறந்த பிள்ளைங்க கையை எல்லாம் கட்டியா வெச்சிருந்தீங்க?"

டாக்டரே முடிச்சுகளை அவிழ்த்தார்.

வலது கை கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு மெல்ல எழுந்தது. நேராக முகத்துக்குப் போனது. திரையில் நாடித்துடிப்பு எண் மறைந்து வெறும் கோடு நின்றது.

"போச்சு! நாடி போச்சு மேடம்!"

"திரையில போச்சு. இங்கே பாருங்க."

வேலாயுதத்தின் விரல்கள் பல நாள் தாடிக்குள் எதையோ தேடின. மீசை நுனியைப் பிடித்தன. நிதானமாக ஒரு முறுக்கு. மறுபக்கத்துக்கும் ஒன்று.

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். "லாரியில ஏறும்போது இப்படித்தான் செய்வார். எங்கப்பா, சிஸ்டர்! எங்கப்பாவேதான்!"

செல்வராணி பேனாவை எடுத்தாள். கை இன்னும் முகத்தை விட்டு இறங்கவில்லை. திரையில் இன்னும் அந்தக் கோடுதான்.

"இந்த நேரத்துக்கு நாடி எவ்வளவுன்னு எழுதட்டும் மேடம்?"

"மீசையை முறுக்கினார்னு எழுதுங்க."